உப்பு கேட்ட அப்பாவும் கடல்காக்காவும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்டேன். பத்தாவது வரை படித்தவன், எழுதிப் பழக்கமில்லை. சொந்தக்காரர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு.

அப்பாவுக்குக் கடைசி மாதங்களில் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. உடம்பில் சேரும் உப்பு வெளியே போகாது, சாப்பாட்டில் உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஒரு கல்லு உப்பு போடுல" என்று தட்டைத் தள்ளுவார். நான் போடவில்லை. அந்த மனத்தாங்கலோடுதான் போனார்.

வருஷம் திரும்பியபின் வந்த தை அமாவாசைக்குத் தாராவியிலிருந்து ஐரோலி உப்பங்கழிக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்தேன். மனைவி சோற்றில் உப்பு போட்டுப் பிசைந்து கொண்டுவந்திருந்தாள். இலையைக் கரைச் சுவரில் வைத்து, கா கா என்று கூப்பிட்டேன். மின்கம்பியில் நான்கு காக்கைகள் இருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. அப்பாவின் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன்.

அப்போது தண்ணீரிலிருந்து ஒரு வெள்ளைப் பறவை எழும்பி வந்தது. சிவந்த அலகு, சவ்வுக் கால், காதோரம் திருஷ்டிப் பொட்டுபோல ஒரு கறுப்பு. சோற்றுருண்டையை அப்படியே விழுங்கியது.

"அண்ணே, இது கணக்குல வராது" என்றான் தம்பி. "படகுல போறவன் போடுத காராச்சேவைத் தின்னு கொழுத்தது. காக்கா தொட்டாத்தான் நமக்குச் சாப்பாடு."

என் மனைவி தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. "எங்க ஊர்ல இதுக்குப் பேரே கடல்காக்காதான், கொழுந்தனாரே. ஒங்களுக்குப் பசிக்கலைன்னா கம்பிக்காக்கா வாற வரைக்கும் இருங்க."

எனக்கு மனம் ஆறவில்லை. பறவையின் அலகு நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அழுவுதே" என்றேன்.

உயிரியல் படிக்கும் மகள் சொன்னாள்: "அழல அப்பா, அது நமக், உப்புத் தண்ணி. கடல் தண்ணியத்தான குடிக்குது? கண்ணுக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு. ரத்தத்துல இருக்கிற உப்பைப் பிரிச்சு மூக்கு வழியா விட்டுரும். எவ்வளவு உப்புன்னாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

நான் கும்பிட்டபடியே நின்றுவிட்டேன். அப்பாவின் உடம்புக்கு முடியாதது இந்த உடம்புக்கு முடிகிறது. நான் மறுத்த உப்பு அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான்.

குளிர்காலம்தோறும் அந்தப் பறவைகள் மலைகளைத் தாண்டி வருகின்றன. அந்தச் சின்னத் தலைக்குள் அந்தச் சுரப்பியை வைத்த ஆண்டவனுக்கு நானும் அதே கரைக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வருகிறேன்.

இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். பறவையைக் கறுப்பாக்கிவிட வேண்டாம். நான் உப்பு போட மறுத்ததையும் விட்டுவிட வேண்டாம்.