வாணலியைக் கறுப்பாக்கிய காலை

“ஏய் ஊமைக்கோட்டான், உன்கிட்ட ஒண்ணு சொன்னா வெளியே போகாதுல்ல?”

“போகாது தாத்தா.”

“அத்தைகிட்ட?”

“போகாது.”

“அப்ப ஜன்னலை எல்லாம் திற. வாசக்கதவைச் சாத்து. தலைக்கு மேல வேலை கெடக்கு.”

அப்போது எனக்குப் பத்து வயது. தாத்தா ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்தவர். குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையல் அவருடையது. அதில் யாரும் மூக்கை நுழைக்க முடியாது. அவருடைய இரும்பு வாணலியின் ஒரு காது எப்போதோ உடைந்துபோக, அங்கே பழைய லிஃப்ட் கதவின் பித்தளைப் பிடியை முடுக்கி வைத்திருந்தார். முகம் தெரிகிற கறுப்பு. மீனைப் போட்டால் தானாகவே வழுக்கிக்கொண்டு வரும்.

அன்று அடுப்பின்மேல் இருந்ததை அந்தப் பிடியை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். வாணலி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரத்தில் துரு எட்டிப் பார்த்தது.

முந்தின நாள் தாத்தா முடிவெட்டப் போன நேரத்தில் அத்தை வந்து, அவரை அசத்த நினைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளிவிட்டாள். விரலில் கொப்புளம் வேறு. “எத்தனை வருஷத்துக் கரி, அப்பா!” என்று பூரித்து நின்ற மகளிடம், “பளபளன்னு இருக்கும்மா” என்று மட்டும் சொன்னாராம்.

“அது கரியில்லடி. எண்ணெய் குடிச்சுக் குடிச்சு ஏறின பூச்சு. மத்தியானம் அவ சாப்பிட வர்றா. மீன் ஒட்டிக்கிச்சுன்னா அவளுக்குப் புரிஞ்சிடும். முகம் சுண்டிப்போயிடும்” என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பழைய பனியன் துணியால் நான் எண்ணெய் தடவ, அவர் தீயில் காய்ச்சினார். புகைந்து அடங்கியதும் மறுபடி எண்ணெய், மறுபடி தீ. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பானது. நான் எட்டி எட்டிப் பார்த்துக் குதித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

“என்னங்க, வீடு பத்திக்கிச்சா?”

“சமைக்கிறேங்க.”

“இவ்வளவு புகையா?”

“பசி அதிகம்.”

முதல் முட்டை ஒட்டிக்கொண்டது. சுரண்டியதை நான் தின்றேன். மறுபடி காய்ச்சினோம். அடுத்த முட்டையும் பிய்ந்தது. அதையும் நானே தின்றேன். வாணலியின் நடுவில் கறுப்பு பரவியபோது தாத்தா மூன்றாவதை உடைத்து ஊற்றிப் பிடியைச் சாய்த்தார். முட்டை சர்ரென்று வழுக்கி ஓரத்துக்கு ஓடியது. தாத்தா என் தலையில் ஒரு தட்டு தட்டினார். அழைப்புமணி அடித்தது.

மீன் முழுசாக வந்தது. அத்தை ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ எழுந்தாள்.

“என்னப்பா இது, ஒரே நாள்ல மறுபடியும் கரியாக்கிட்டீங்க? நல்லவேளை, உப்புத்தாள் பையிலயே இருக்கு.”

நான் வாயைத் திறக்கப் போனேன். தாத்தாவின் கால் மேசைக்கடியில் என் காலை அழுத்தியது. அவர் அத்தையின் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொப்புளம் பாத்தும்மா, மெதுவாத் தேயி” என்றார்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது வாணலி மறுபடி வெள்ளையாகக் கவிழ்ந்திருந்தது. படி வரைக்கும் கூடவே வந்தவர் குனிந்து என் காதருகே சொன்னார்:

“அடுத்த ஞாயிறு இன்னும் சீக்கிரமா வந்துடு. வரும்போது உங்கப்பா பனியன் ஒண்ணு எடுத்துட்டு வா.”