என் வேதாகமத்தில் இல்லாத தோபித்து

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பைபிள்கள் இருக்கின்றன. ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் இருப்பது என்னுடையது. நான் புராட்டஸ்டண்டு, அதில் அறுபத்தாறு புத்தகங்கள். பக்கத்தில் செங்கல் கனத்துக்கு இருப்பது என் வீட்டுக்காரர் செபமாலையுடையது. அவர் கத்தோலிக்கர், அதனால் எழுபத்துமூன்று. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் உப்பு புளிக்குச் சண்டை போட்டதைவிட அந்த ஏழு புத்தகத்துக்காகச் சண்டை போட்டதுதான் அதிகம். சரியாகச் சொன்னால் ஏழுகூட இல்லை, ஒன்றே ஒன்று. தோபித்து.

நான் பரிமளா. திருக்கோகர்ணத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அவர் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறார். சிமெண்டு, வாழைத்தார், வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, எது கிடைத்தாலும் ஏற்றுவார். பத்து வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், காலைப் பூசையில் அந்தப் புத்தகத்தை வாசித்திருக்கிறார்கள். அயல்நாட்டில் வாழ்ந்த தோபித்து விருந்துக்கு உட்கார்ந்திருக்கிறார். தன் சனத்தில் ஒருவன் தெருவில் செத்துக் கிடக்கிறான் என்று தெரிந்ததும் சோற்றைத் தொடாமல் எழுந்து போய்த் தூக்கி வந்து, பொழுது சாய்ந்ததும் குழி தோண்டிப் புதைக்கிறார். அதே வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் நாதியில்லாமல் செத்துப்போனார். இவர் தன் வண்டியிலேயே ஏற்றிப்போய் அடக்கம் பண்ணிவிட்டு வந்தார். அன்றிலிருந்து உரிமை கோராத பிணம் என்றால் போலீஸ்காரர்கள் இவருக்குத்தான் போன் போடுவார்கள். கூலி வாங்க மாட்டார்.

நான் விடுவேனா?

"இது கர்த்தரோட வார்த்தையே இல்லைங்க. யூதருங்களே தங்க வேதத்துல சேக்கலை. ஒங்க புஸ்தகத்துலயே நடுவுல தனியா ஒதுக்கித்தான போட்டிருக்கு" என்பேன்.

"ஒதுக்குனா என்ன, ஒரே அட்டைக்குள்ளதான இருக்கு. அந்தக் காலத்துல கிரேக்க பாஷையில படிச்ச சனம் இதையும் சேத்துத்தான் படிச்சுச்சாம். சாமியார் சொன்னாரு."

"ஒங்க சாமியார் வேற எப்படிச் சொல்லுவாரு?"

அவருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு ஆத்திரம். குறை கண்டுபிடித்தே தீருவது என்று ஒரு நாள் மத்தியானம் அந்தக் கனத்த புத்தகத்தை எடுத்து தோபித்தை முழுசாகப் படித்தேன். குறைக்குப் பஞ்சமில்லை. குருவி எச்சம் விழுந்து கண் போகிறது. மீனின் பித்தப்பையைத் தடவியதும் பார்வை வந்துவிடுகிறது. கண் ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நடுவில் ஓர் இடம். புருஷனுக்குக் கண் போனபின் பெண்டாட்டி கூலிக்கு நெய்கிறாள். வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியும் சேர்த்துத் தருகிறார்கள். தோபித்தோ, அது திருட்டு ஆடு, திருப்பிக் கொடு என்கிறார். அவள் பிடித்துக்கொள்கிறாள்: நீ செய்த தானதர்மமெல்லாம் இப்போது எங்கே போச்சு என்று. எனக்கு அந்தப் பெண்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. வேதமோ இல்லையோ, அதை எழுதினவனுக்கு ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. படித்ததை அவரிடம் சொல்லவில்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிணத்தைச் சுற்றுகிற வெள்ளைத் துணி அகலம் பத்தாமல் கால் வெளியே தெரிகிறதாம். "ரெண்டு துண்டையும் சேத்து ஒரு ஜாயிண்ட் அடிச்சுக் குடு பரிமளா." நான் முடியாது என்றுவிட்டேன். நாலு பேர் கல்யாணத்துக்குப் போடுகிற ஜாக்கெட்டைத் தைக்கிற மெஷின் அது.

எங்கள் ஒரே மகள் சத்யபிரியாவுக்கு இருபத்தாறு நடக்கும்போது அன்னவாசலிலிருந்து ஒரு வரன் வந்தது. எல்லாம் பொருந்தியது. கடைசியில், பொணம் தூக்குகிறவர் வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது கந்தர்வக்கோட்டை. பையன் வசந்தகுமார், கத்தாரில் ஏசி மெக்கானிக். பிரியாவுக்குப் பிடித்திருந்தது. போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். பையனின் பெரியப்பா என்னைப் போலவே அறுபத்தாறு புத்தகக்காரர், ஒரு சபையில் போதகர். அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு. அவரே என்னிடம் போனில் பேசினார்.

"நம்ம வேதத்துல இல்லாத ஒண்ணுக்காக ஒரு மனுஷன் பொணத்தோட திரியணுமாம்மா? அதை விட்டுட்டாருன்னா பேசி முடிச்சிரலாம்."

என் வாயிலிருந்து பிடுங்கினது மாதிரி இருந்தது. அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

"புள்ளைக்காக விட்டுர்றேன்" என்றார்.

விட்டும்விட்டார். மூன்று மாதம். போன் வந்தால் வேறு வண்டி பாருங்கள் என்பார். அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கை கழுவிவிடுவார். கேட்டால் பசியில்லை என்பார். நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் ஒரு நாளும் நிம்மதியாகச் சோறு போட முடியவில்லை.

தேதி குறிக்க அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை. பெரியப்பாவோடு ஆறு பேர். இலை போட்டு, கறிக்குழம்பு ஊற்றி, பெரியப்பா ஜெபம் பண்ணி, எல்லாரும் கை வைக்கிற நேரத்தில் என் வீட்டுக்காரர் போன் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து நாகராசு ஏட்டு.

"இல்லைங்க ஏட்டு, நான்தான் விட்டுட்டேன்ல. வேற ஆளைப் பாருங்க." போனைக் கவிழ்த்து வைத்தார்.

கரண்டியும் கையுமாக நின்ற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்னவாம்?" என்றேன்.

"வயசான அம்மா. ஒம்பது நாளா ஆஸ்பத்திரில பொணமாக் கெடக்காம், தேடியும் சொந்தக்காரங்க யாரும் வரலை. இன்னைக்கு எடுக்கச் சொல்லி பேப்பர் குடுத்துட்டாங்க. மூணு வண்டியக் கேட்டாராம், யாரும் வரலை. விடு. பெரியவருக்குக் குழம்பு ஊத்து."

குழம்பு ஊற்றினேன். ஊற்றிவிட்டு என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தேன். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. தொடவில்லை. அந்த இலையை நான் ஏற்கெனவே தோபித்தில் படித்திருக்கிறேன்.

"எந்திரிங்க" என்றேன்.

"வாக்குக் குடுத்திருக்கோம் பரிமளா."

"குடுக்க வெச்சவ நான்தான. எந்திரிங்க. துணி எங்க இருக்கு?"

"வண்டி சீட்டுக்கு அடியில" என்றார். சொல்லும்போதே எழுந்துவிட்டார்.

பிரியா அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வரனும் போச்சு என்று எனக்குத் தெரிந்தது. அவர்மேல் கோபம், அந்தப் புத்தகத்தின்மேல் கோபம், எல்லாரையும்விட என்மேல் கோபம். வண்டியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், பாதி தைத்திருந்த பட்டு ஜாக்கெட்டை உருவி வைத்துவிட்டு, இரண்டு வெள்ளைத் துண்டையும் சேர்த்து ஊசிக்கடியில் கொடுத்தேன். தையல் கோணிக்கொண்டு போனது.

பெரியப்பா கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். தன் தோள்துண்டில் விரல் விரலாகத் துடைத்தார்.

"பரிமளாம்மா, அந்தப் புஸ்தகம் நம்ம வேதம் இல்லம்மா."

"இல்லைதாங்கய்யா. நானும் அதைத்தான் பத்து வருஷமாச் சொல்றேன்" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. "துணி தரையில இழுபடுது. அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து முனையைப் பிடித்தார். நான் மிதித்தேன். வெளியே அவர் வண்டியைத் திருப்பி வாசலுக்கு நேராக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அந்தம்மா பேரு தெரியுமா?" என்றார் பெரியப்பா.

"தெரியாதுங்கய்யா."

தையல் நகர நகர, துணி தரையில் படாமல் உயர்த்திக் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசி ஒரு சாண் இருக்கும்போது தொண்டையைச் செருமினார்.

"ஜனவரியில பையனுக்கு லீவு கெடைக்குமாம். ஒங்களுக்குத் தோதுப்படுமாம்மா?" என்று கேட்டார். முனையை விடவில்லை.