ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை

சித்திரைப் பரணிக்குக் கோயில் வரைக்கும் போய்வரச் சொன்னாள் மருமகள். முட்டிவலிக்கு அவ்வளவு தூரம் ஆகாது என்று படுத்துவிட்டேன். முட்டி மட்டும் காரணம் இல்லை. அதை எடுத்துச் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. சிவன் கோயிலில் வருஷம் தவறாமல் பரணியன்று பிள்ளைக்கறிக் கதை நடக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாமி ஒரு அடியார் வேஷத்தில் சாப்பிட வந்து, பிள்ளைக்கறிதான் வேண்டும் என்கிறார். அதுவும் ஒரு தாய்க்கு ஒரே பிள்ளையாக இருக்கவேண்டும். பெற்றவர்களே அறுத்துச் சமைத்து இலை போடுகிறார்கள். உட்கார்ந்தவர், உன் பிள்ளைக்கும் ஓர் இலை போட்டுக் கூப்பிடு என்கிறார். இல்லாத பிள்ளையை அவர்கள் தெருவைப் பார்த்துக் கூப்பிட, அவன் பள்ளிக்கூடம் விட்டு வருகிறவன் மாதிரி ஓடி வருகிறான்.

எங்கள் ஊரில் ஓதுவார் கதையைப் பாடிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்துவார். வாசலைப் பார்த்து ‘வா மகனே’ என்று மூன்று தரம் கூப்பிடுவார். தெருவில் நிற்கும் பையன் மூன்றாவது குரலுக்கு ஓடி வரவேண்டும். அவனுக்கு ஒரு சரிகைத் துண்டு, மாலை, ஒரு சீப்புப் பழம். அவனும் வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளையாக இருக்கவேண்டும். இப்போது எல்லா வீட்டிலும் ஒன்றுதான், எவனைக் கூப்பிட்டாலும் சரியாகிவிடும். அன்றைக்கு வீட்டுக்கு ஏழெட்டு. தேடிப் பிடிக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு பேர். அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். ஒவ்வொரு பரணிக்கும் எனக்குத் துண்டு வேண்டும் என்று அழுவேன்.

“நான் இருக்கது வரைக்கும் ஒன்னைய எவனும் வெட்டமாட்டான், போலே” என்று அவன் சிரிப்பான்.

அந்தத் துண்டுக்காக அவனை வெறுத்திருக்கிறேன்.

ஒரு வருஷம் தை மாதம் அவன் காமாலை கண்டு செத்துப்போனான். பரணிக்கு ஒரு வாரம் இருக்கையில் ஓதுவார் வீட்டுக்கு வந்தார். அப்பா வாழைத்தார் சுமந்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

“தப்பா நெனைக்கப்படாது. ஊர்ல வேற பையன் அமையல” என்றார் ஓதுவார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, “அவகிட்ட கேளுங்க அண்ணாச்சி” என்றார்.

அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. அங்கிருந்தே குரல் வந்தது.

“மூணு தரமும் சத்தமாக் கூப்பிடுவீயளா?”

“கூப்பிடுவேன் தாயி.”

“சரி, கூட்டிட்டுப் போங்க.”

நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இனி எங்கள் வீட்டில் நான் ஒருத்தன்தான் என்பதை அப்படிக் குதித்துக் குதித்துச் சொன்னேன்.

பரணியன்று மூன்றாவது குரலுக்கு ஓடினேன். பெண்கள் குலவை போட்டார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. கூட்டம் என்னைப் பார்த்தது. அம்மா மட்டும் எழுந்து நின்று, என் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். வெயிலும் அவிழ்த்துக் கட்டிய ஒரு வண்டிமாடும்தான் இருந்தன. கூட்டம் கலைந்த பிறகும் அவள் நின்றாள். அப்பா பைய அவள் கையைத் தொட்டு, “வா, போவோம்” என்றார்.

எனக்குக் கோபம். வழியெல்லாம் தள்ளியே நடந்தேன். சரிகைத் துண்டோடு ஓடி வந்ததை, பெற்றவள் பார்க்கவில்லையே.

வீட்டில் அம்மா பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை போட்டாள். ஒன்றில் என்னை உட்காரவைத்தாள். இரண்டிலும் சோறும் பருப்பும் பாயசமும் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அப்பா உள்ளேயே வரவில்லை. வேஷம் கட்டினதற்கு எனக்கு இரண்டு பங்கு என்று நினைத்தேன். கோபம் போய்விட்டது.

என் இலை காலியானதும் அடுத்த இலையை இழுத்தேன். சத்தம் கேட்டு அம்மா திரும்பினாள். தடுக்கிற மாதிரி கை பாதி நீண்டது. பிறகு அதை மடியில் போட்டுக்கொண்டு, “பைய தின்னுலே” என்றாள்.

பாயசத்தை வழித்துத் தின்றேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டதாகவும் ஞாபகம்.