பேண்டேஜ் துணி விரித்த தேக்குத் தரை

பளபளப்பு ஏற்றிய மரத்தரையில் பெயிண்ட் சிந்திக் காய்ந்துவிட்டால் இரும்புக் கருவி எதுவும் அதில் படக்கூடாது. எங்கள் துறையின் பராமரிப்புக் கையேடு இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருந்தது. சோப்புக் கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கறைமேல் போட்டு ஊறவிட வேண்டும். ஓரம் இளகியதும் மரச் சில்லால், ரேகை ஓடும் திசையிலேயே நெம்ப வேண்டும். மிச்சத்துக்குத் துணி நுனியில் கொஞ்சம் டர்பன்டைன். அதையும் முதலில் பீரோவுக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பார்த்த பிறகே. கடைசியில் மெழுகு. தற்காலிகப் பணியாளர் தவறு செய்தால் தண்டிக்குமுன் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும் என்று இன்னொரு புத்தகம் சொன்னது. இரண்டிலும் அவ்வப்போது வரும் திருத்தச் சீட்டுகளை ஒட்டியவன் நான். எண்பதுகளின் நடுவில் ஒருநாள் அந்த இரண்டு விதிகளும் ஒரே அறையில் அடி வாங்கின.

அறை, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருந்த துறை விடுதியின் மாடி ஹால். தேக்குப் பலகைத் தரை. குனிந்தால் முகம் தெரியும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். விடுதிக் காவலாளி பதினோரு வருடமாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு ஒரே ஒரு கையெழுத்துக்காக என் மேஜையில் காத்திருந்தது. போட வேண்டியவர் எங்கள் பொறியாளர்.

மேலதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் வந்ததும் ஜன்னல்களுக்குப் பச்சை எனாமல் அடிக்கச் சொன்னார் பொறியாளர். பெயிண்டர் தரையில் விரிக்கச் சாக்குக் கேட்டிருக்கிறார். சாக்கு அழுக்கு என்று காவலாளி தன் வீட்டுத் தறியில் கழிந்த பேண்டேஜ் துணியைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்து விரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பேண்டேஜ் நெய்யும் தறி உள்ள வீட்டில் எதைத் துடைக்கவும் எதை மூடவும் கைக்கு வருவது அந்தத் துணிதான். அது சல்லடை மாதிரி என்பது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு நாள் சொட்டிய எனாமல் அதன் கண்கள் வழியே இறங்கி, துணியையும் சேர்த்துத் தேக்கோடு ஒட்டிக்கொண்டது.

பொறியாளர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். வார்னிஷைப் பிய்த்துக்கொண்டு வந்தது துணி.

“ஏலே, இது என்ன ஆஸ்பத்திரியா? தரைக்கு எவம்லே கட்டுப் போட்டான்?”

“நாந்தான் அய்யா. சாக்குன்னா தூசி...” என்றார் காவலாளி.

முடிக்கவில்லை. பொறியாளரின் அறை காதோடு சேர்ந்து விழுந்தது.

“நான் சாக்குதான் கேட்டேன் சார். இவருதான் ஜவுளிக்கடை விரிச்சாரு” என்றார் பெயிண்டர்.

“சுரண்டுங்கலே. நாளைக்குள்ள ஒரு புள்ளி தெரியக் கூடாது.”

பெயிண்டரும் அவர் ஆட்களும் பட்டி வைக்கிற இரும்புத் தகடுகளோடு இறங்கினார்கள். பச்சையோடு தேக்கின் நாரும் உரிந்து வந்தது. தகட்டுக்கு மசியாத இடங்களில் ஊதுவிளக்கின் தீயைக் காட்டினார்கள். வார்னிஷ் கொப்பளித்துக் கருகியது.

“சார், இரும்பு படக்கூடாதுன்னு கையேட்டுல இருக்கு” என்றேன்.

“வாரவரு உம்ம கையேட்டு மேலயா நடக்கப் போறாரு?” என்றார் பொறியாளர்.

பெயிண்டரின் காலடியிலேயே டர்பன்டைன் டின் இருந்தது. ஒரு துணியை நனைத்துச் செய்து காட்டியிருக்கலாம். ஆனால் மதிப்பீட்டில் இல்லாத வேலைக்கு அனுமதி வேண்டும். கீழே போய்த் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் தட்டச்சு செய்தேன். கோரிக்கைகள் இரண்டு: விதிப்படி கறை நீக்க அனுமதி; காவலாளியிடம் விளக்கம் கேட்காமல் நடவடிக்கை கூடாதென உத்தரவு.

இரண்டாவது பத்தியில் இருக்கும்போது மேலே ஏணி சரிந்த சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். மரம் கிழிகிறதே என்று காவலாளி தகட்டைப் பிடித்திருக்கிறார். பெயிண்டர் வெடுக்கென்று இழுத்ததில் உள்ளங்கை கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்துவிட்டது. காவலாளி ஏணியை அவர்மேல் தள்ள, பெயிண்டரின் நெற்றியும் உடைந்திருந்தது. பொறியாளர் சுத்தியல் பிடியால் காவலாளியை முதுகிலும் முட்டியிலும் அடித்துக்கொண்டிருந்தார், காவலாளி உட்காரும்வரை. உட்கார்ந்த பிறகும் இரண்டு அடி. பச்சைமேல் ரத்தம் தெறித்துக் கிடந்தது. யாரோ மிச்சச் சுருளைக் கிழித்துக் கையில் கட்டினார்கள். அன்று அந்தத் துணி சரியான வேலைக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான்.

பொறியாளர் சாப்பிடப் போனார். ஆட்கள் பெயிண்டரைத் தையல் போட அழைத்துப் போனார்கள். காவலாளி என்னிடம் கேட்டார்:

“அந்தப் புஸ்தகத்துல என்னதான் போட்டிருக்கு சார்? சொல்லுங்க.”

சொன்னேன். வெந்நீர் வைத்தார். பீரோவுக்கு அடியில் டர்பன்டைனைத் தொட்டுச் சோதித்தோம். தகடு படாத ஒரு பலகையில் ஈரத் துணியைப் போட்டுக் காத்திருந்து, என் மர ஸ்கேலின் விளிம்பைச் சரித்து ரேகையோடு தள்ளினார், ஒற்றைக் கையால். பச்சை, வெந்த தோல்போல வளைந்து வந்தது. அடியில் தேக்கு கீறலில்லாமல் இருந்தது.

“வருதே சார். ஒரு வாரம் குடுத்தா மிச்சம் அம்புட்டையும் எடுத்துருவேன். அவியகிட்ட நீங்க சொல்லுவீயளா? பதினோரு வருசம் சார்.”

சொல்கிறேன் என்றேன். பொறியாளர் அதற்குள் வாசலில் நின்றிருந்தார். வெந்நீர்ப் பாத்திரத்தை உதைத்தார். காவலாளியின் தொடையில் கொட்டியது.

“நாளைலருந்து இந்தப் பக்கம் வராத.”

பணிநீக்க உத்தரவு அவ்வளவுதான். எழுத்தில் இல்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். கடிதம் போகிறது சார் என்று மட்டும் சொன்னேன். பொறியாளர் சிரித்தார்.

ஹாலில் ஜமுக்காளம் விரித்தார்கள். மேலதிகாரி கீழேயே காபி குடித்துவிட்டுப் போனார். நிரந்தரக் கோப்பில், ‘நபர் பணிக்கு வருவதில்லை’ என்று குறிப்பெழுதி மூடச் சொன்னார் பொறியாளர். எழுதினேன். என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

காவலாளி அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்தார். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. “பதில் வந்துச்சா சார்?” என்று கேட்டார். அனுப்புகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். கடிதம் போன தேதியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஏதோ மில் வாசலில் காவலுக்குச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மாடியில் பலகைகளைப் பெயர்த்துச் சிமெண்ட் பூசினார்கள்.

பதில் ஒரு பக்கம்தான். முதல் கோரிக்கை ஏற்கப்படுகிறது. டர்பன்டைனை மறைவான மூலையில் சோதித்தபின் பயன்படுத்தலாம். இரண்டாவது, தங்கள் அலுவலகக் குறிப்பின்படியே நபர் பணியில் இல்லாததால், அந்தக் கேள்வியே எழவில்லை. அதில் நான் வருகை முத்திரை குத்தியது மூன்றாவது வருடம், ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள்.