அம்மாவின் வர்ஜீனியா

கார்த்திகை, மார்கழி மாதங்களில் விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் ‘டப் டப்’ என்று ஓயாமல் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மா விதைக்காக ‘மல்லாட்டை’ உடைக்கும் சத்தம் அது. நிலக்கடலையைக் கச்சிராயபாளையம் பக்கத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முறத்தில் குவிந்த காய்களை ஒவ்வொன்றாகக் கருங்கல்லில் வைத்து, பருப்பு உடையாமல், மேல்தோல் உரியாமல் மரக்கட்டையால் தட்டி எடுக்க வேண்டும். அந்தத் தூசியின் மண்வாசனை மூக்கில் ஏற, எதிரே உட்கார்ந்து நான் பாடம் படித்துக்கொண்டிருப்பேன்.

படிப்பது என்றால் மனதுக்குள் படிப்பது அல்ல. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பிள்ளை படிக்கிறதா, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கனவு காண்கிறதா என்று கண்டுபிடிக்க அவருக்கு இருந்த ஒரே வழி காதுதான். எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான். ஒரு வீட்டில் தாவரங்கள் உணவு தயாரிக்கும், அடுத்த வீட்டில் அக்பர் பட்டத்துக்கு வருவார், எதிர் வீட்டில் பதினேழாம் வாய்ப்பாடு பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும். நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினால் போதும், “வாய வுட்டுப் படிடி, இன்னா முணுமுணுன்னுகினு” என்று அம்மா அதட்டுவார்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், அமெரிக்காவில் ஆங்கிலேயர் முதன்முதலாகக் குடியேறிய கதையைச் சமூக அறிவியல் டீச்சர் நடத்தினார். புத்தகத்தில் அது சின்னதாகத்தான் இருந்தது. டீச்சருக்கு அந்தக் கதையில் ஏனோ தனிப் பிரியம், பக்கம் பக்கமாக நோட்ஸ் கொடுத்தார். கப்பல் கூலிக்குப் பதிலாகப் பல வருஷம் உழைத்துக் கொடுப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டு ஏறிய ஏழைகள், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கொத்துக் கொத்தாகச் செத்த முதல் குளிர்காலங்கள், அந்த மண்ணின் பூர்வகுடிகள் மக்காச்சோளம் கொடுத்துக் காப்பாற்றியது, பிறகு அவர்களையே துரத்தி நிலத்தைப் பிடுங்கியது என்று எல்லாவற்றையும் நான் ராகம் போட்டு வாசித்தேன்.

இரண்டாவது நாளே அம்மாவின் கட்டை அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. “சோளம் குடுத்தவன் கொல்லையையே புடிங்கிக்கினானுங்களா? பாவிங்க” என்று வைதார். வடக்கே குடியேறியவர்கள் கடும் பக்தர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் தண்டனை கொடுப்பார்கள், ஆனால் கிறிஸ்துமஸ் கொண்டாடக் கூடாது என்று தடை போட்டார்கள் என்று நான் படித்தபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீமிதிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டை மெழுகத் தொடங்குகிறவர் அவர். “திருநாளே இல்லன்னா சாமிக்கு எப்படிடி தெரியும், இவங்க கும்புடுறாங்கன்னு?” என்று கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலிலிருந்து வந்தவர் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “அந்தக் குளிர்ல கெடக்கிற சனங்களுக்கும் சேத்து ஒரு தேங்கா ஒடச்சேன். இப்போ சோத்துக்கு இன்னா பண்றாங்களாம்?” என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடந்து நானூறு வருஷம் ஆகிறது என்று சொன்னேன். அம்மா முகம் சுண்டிப் போயிற்று. “அப்போ எல்லாரும் செத்துப் பூட்டாங்களா?” என்றார். அந்த நிமிஷம் என் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை, எனக்கே அழுகை வரும்போல் இருந்தது.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு பிரச்சினை புகைந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பள்ளக் கொல்லை, மேட்டுக் கொல்லை என்று இரண்டு துண்டு நிலம். பள்ளத்தில் எப்போதும் கரும்பு. மேட்டில் மல்லாட்டையும் ‘கேவுரு’ என்கிற கேழ்வரகும் ஓரமாகத் துவரையும் அம்மா விருப்பப்படி விளைந்துவந்தன. அந்த வருஷம் மேட்டிலும் கரும்பே போட்டுவிடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். திங்கட்கிழமை சர்க்கரை ஆலையில் கரும்புப் பதிவு. அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா வாயை மூடிக்கொண்டார், ஆனால் விதை உடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, “பாப்பா, அந்தப் பொகையில பாடத்தப் படி” என்றார். அது ஏற்கெனவே மூன்று முறை படித்த பாடம். இருந்தாலும் படித்தேன். ஆங்கிலேயர் முதலில் குடியேறிய வர்ஜீனியாவில் புகையிலைக்கு நல்ல விலை கிடைத்ததும், சனங்கள் தெருவில்கூட அதையே நட்டார்கள், தானியம் விதைக்க ஆள் இல்லாமல் போயிற்று.

அப்பா வாயில் சோற்றோடு நிமிர்ந்தார். “பொகையிலயும் கரும்பும் ஒண்ணா? பொகையிலயத் தின்னா வயிறு நெறையுமா?”

“கரும்பத் தின்னா மட்டும் நெறையுமாங்க?” என்றார் அம்மா, மோரை எடுத்துக்கொண்டே. “அந்த ஊரு அதிகாரி இன்னா உத்தரவு போட்டாருன்னு படிடி.”

முதலில் சாப்பாட்டுக்குத் தானியம் விதைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் புகையிலை நடலாம் என்று அவர் கட்டளை போட்டதைப் படித்தேன். படிக்கும்போதுதான் அம்மாவின் சூழ்ச்சி எனக்குப் புரிந்தது. அப்பா கோபக்காரர். ஆனால் அவர் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “மொதல்லேர்ந்து படி பாப்பா” என்றார். கப்பல் ஏறியதிலிருந்து முழுவதும் கேட்டார்.

மறுநாள் ஆலையிலிருந்து திரும்பியவர் சைக்கிளை நிறுத்தியபடியே, யாருக்கோ சொல்வதுபோல, “பள்ளத்த மட்டும்தான் பதிஞ்சேன். மேட்டுல இன்னா போடணுமோ நீயே போட்டுக்க” என்றார். அன்று ராத்திரி அப்பாவுக்கு மட்டும் முட்டை கிடைத்தது.

இப்போது எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. போன தீமிதிக்கு ஊருக்குப் போயிருந்தபோது விளக்கு வைத்த நேரத்தில் தெருவில் நடந்தேன். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் செல்போனை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் படிக்கிறார்கள், மார்க்கும் வாங்குகிறார்கள். என்ன படிக்கிறார்கள் என்பது மட்டும் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

ஊரைச் சுற்றிலும் கரும்பு முன்பைவிட ஜாஸ்தி. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் யாரிடமும் யோசனை கேட்கும் வழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை. மழை பெய்து ஈரம் காய்வதற்குள் ஏரை வரச்சொல்லிவிட்டு, அடுப்படி வாசலில் வந்து நின்று அம்மாவிடம் மட்டும் கேட்கிறார்: “மேட்டுல இந்த வாட்டி இன்னா போடலாம்னுகினு இருக்கிற?”