கிடையில் இருந்த பதினொரு பிள்ளைகள்

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே என்னைக் கண்டு ஒரு ஊர் ஓடியது. கவர்னர் வந்தால்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். திருச்சுழிக்குத் தெற்கே மூன்று மைலில் ஒரு கரிசல் கிராமம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். என் தோளில் தோல் பை. பைக்குள் ஈரத்துணி சுற்றிய கண்ணாடிக் குழாய்களில் அம்மை குத்தும் மருந்து, அம்மைப்பால். ஊர் எல்லையில் கால் வைத்ததும், "அம்மை குத்துறவன் வாரான்டோய்!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சோளக்கொல்லைக்குள் போய்விட்டார்கள். தெருவில் நானும் நாலு கோழியும்தான்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. யுத்தத்துக்கு ஆள் எடுத்ததில் ஏற்கெனவே அம்மை குத்திக்கொண்டிருந்த வாக்ஸினேட்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். பை தூக்கும் பியூனாக இருந்த என்னை, "தெரிஞ்ச வேலைதானேப்பா, நீயே பாரு" என்று தற்காலிகமாக, ஆக்டிங்காகப் போட்டார்கள். அப்படி ஏறிய படி அது. பின்னாளில் பி.ஏ. படித்தவர்கள் என்னிடம் வேலை கற்றுக்கொண்டு போனார்கள். இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

முதல் நாள் ஓடியவர்களை இரண்டாம் நாள் நான் துரத்தவில்லை. சோளக்கொல்லை வரப்பில் உட்கார்ந்து, என் கையிலேயே நான் குத்திக்கொண்டேன். ஏழாம் நாள் போய், குத்திய இடத்தில் எழும்பிய கொப்புளத்தைக் காட்டினேன். மாத முடிவில் அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் குத்தி முடித்திருந்தேன். இந்த யுக்தியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

2. தாளிக்காத வீடு

அம்மை கண்ட வீட்டைக் கண்டுபிடிப்பதில் ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வாசலில் வேப்பிலை செருகுவது வழக்கம். ஆனால் சர்க்கார் ஆள் வருவான், ஊரெல்லாம் தெரியும் என்ற பயத்தில் வேப்பிலையை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். நெசவு வீடுகளில் இந்தப் பயம் கூடுதல். அம்மை வீட்டுச் சேலையை யார் வாங்குவார்கள்?

வேப்பிலையை ஒளிக்கலாம். தாளிப்பை ஒளிக்க முடியாது. அம்மை வீட்டில் எண்ணெய் காய வைக்க மாட்டார்கள்; கடுகு வெடிக்க விடமாட்டார்கள். ஆத்தாளுக்கு ஆகாது. அதனால் உச்சிப்பொழுதில், அடுப்பு எரிகிற நேரத்தில், தெருவில் மெதுவாக நடப்பேன். எந்த வீட்டில் புகை வருகிறது, தாளிப்பு வாடை வரவில்லை என்று பார்ப்பேன்.

பாளையம்பட்டியில் ஒரு நெசவுக்காரர் கதவை ஒருச்சாய்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்ல யாரும் இல்லை தம்பி. எல்லாரும் பந்தல்குடிக்குப் போயிருக்காக."

"அப்ப அடுப்புல என்னண்ணே வேகுது?"

"புளிக்குழம்பு."

"தாளிக்காத புளிக்குழம்பா?"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "நான் அப்பவே சொன்னேன், இவன் மோப்பம் பிடிப்பான்னு" என்றது. கதவு திறந்தது. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு முத்துப் போட்டிருந்தது. அந்தத் தெருவில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அன்றே குத்தினேன். அதற்கு மேல் அங்கே பரவவில்லை.

3. போர்டில் மாட்டிய பட்டியல்

இப்போது பேப்பரில் மாநிலங்களுக்கு ராங்க் போடுகிறார்கள். படிப்பில் யார் கடைசி, குற்றத்தில் யார் முதல், நோயில் யார் முதல் என்று. என் பேரன் வாசித்துக் காட்டுவான். எங்கள் காலத்தில் தாசில்தார் ஒருவர், பல ஊர்கள் சேர்ந்த ஃபிர்காக்களுக்கு இதைப் போட்டார். தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு போர்டு. அதில் பள்ளிக்கூடம், களவு, அம்மை என்று மூன்று தாள். மூன்றிலும் எங்கள் ஃபிர்காதான் மோசம்.

"மழைதான் இல்லைன்னா மானமுமா இல்லாமப் போகணும்? ஜில்லா ஆபீசுல நம்ம பேரைச் சொன்னாலே சிரிக்கிறான்யா," என்றார் தாசில்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் மீசை மட்டும் ஆடும். "எவன் ஃபிர்காவை மேல கொண்டுவாரானோ அவனை பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன்."

முதலில் சரியாகிப்போனது களவுப் பட்டியல்தான். எப்படி என்று நான் நேரில் பார்த்தேன். உரத்துக்காகக் கொல்லை கொல்லையாக ஆட்டுக்கிடை போடும் கருப்பணன் ஸ்டேஷனுக்கு வந்து நின்றான்.

"எசமான், நாலு கிடா களவு போயிருச்சு."

"களவாண்டதை நீ பாத்தியா?" என்றார் ஏட்டு.

"பாத்தா விட்டிருப்பனா?"

"பாக்கலைல்ல. அப்பக் காணாமப் போச்சுன்னு சொல்லு."

"நாலு கிடாயும் பட்டியத் தொறந்துக்கிட்டா போயிருக்கும்?"

"போயிருக்கும்லே. வெயில் தாங்காமப் போயிருக்கும். போயி கண்மாய்ப் பக்கம் தேடு."

கருப்பணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியளா அண்ணாச்சி, நம்மூரு ஆட்டுக்கு எம்புட்டு அறிவு!"

நானும் சிரித்தேன். அந்த மாதமே நானும் அதைத்தான் செய்தேன். மாதாமாதம் அனுப்புகிற கணக்குத்தாளில், அதாவது ரிட்டர்னில், இரண்டு எண் உண்டு: ஊரில் உள்ள பிள்ளைகள், குத்திய பிள்ளைகள். குத்தியதைக் கூட்டுவது கஷ்டம். உள்ளதைக் குறைப்பது சுலபம். கிடையோடு அலைகிற பிள்ளைகள் இன்றைக்கு ஒரு கொல்லையில், நாளைக்கு ஒரு கொல்லையில். அவர்களைத் தேடிக் குத்த முடியாது. எழுதாமல் விட்டேன். இரண்டே மாதத்தில் எங்கள் ஃபிர்கா அம்மைப் பட்டியலில் மேலே போய்விட்டது.

4. டீச்சரம்மா

அந்தக் கரிசல் ஊரில் ஓராசிரியர் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. டீச்சர் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். பதினேழு வயதில் புருஷனை இழந்து, பிடிவாதம் பிடித்து டிரெயினிங் படித்து வந்தவர். வீட்டில் தெலுங்கு. கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்து இறங்கி, ஊருக்கு நடந்து வந்தபோது சேலையெல்லாம் புகைக்கரி. அன்று அவர் பெட்டியைத் தூக்கி வந்தவன் நான்.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். எழுதினால் கோழி கிண்டியது போல் இருக்கும். ரிட்டர்னைத் தெளிவாக எழுதிக் கொடுக்க ஆள் தேடினேன். அவர் எழுதிக் கொடுத்தார். பலகையில் தாளை வைத்து, எண்களைக் கூட்டும்போது உதடு மட்டும் அசையும்: "ஒகட்டி, ரெண்டு, மூடு..." தமிழில் எழுதுவார், தெலுங்கில் கூட்டுவார். என் டூர் டயரிப்படி அந்த ஊருக்கு மாதம் ஒரு முறை போனால் போதும். நான் எத்தனை முறை போனேன் என்பதை டயரியில் எழுதவில்லை.

ஒரு நாள் எழுதிக்கொண்டே கேட்டார்: "கிடைப் பிள்ளைக பதினொரு பேரு எங்க?"

"அதுக ஆட்டோட போயிருதுக டீச்சரம்மா. கணக்குல வராது."

"என் ரிஜிஸ்தர்ல வருதே."

"பள்ளிக்கூடத்துக்கு வருதுகளா?"

"அதுக வராது. நான் போறேன்ல. பொழுது சாயக் கிடைக்குப் போயி மணல்ல எழுத வைக்கேன். மூக்கம்மா தன் பேரு எழுதிட்டா, தெரியுமா? அதுக்கு ஆஜர் போடுறேன். அந்தப் பதினொண்ணையும் ரிஜிஸ்தர்லருந்து அடிச்சா, பிள்ளை பத்தலைன்னு பள்ளிக்கூடத்தையே எடுத்துட்டுப் போயிருவாங்க."

"அது தப்புல்ல?"

"தப்புத்தான். நீங்க அங்க வந்து குத்தி விடுங்க. நான் பிடிச்சு நிறுத்துறேன்."

"வாரேன், வாரேன்" என்றேன். போகவில்லை. பதினொரு பேரைச் சேர்த்தால் என் ராங்க் இறங்கும். அவர் நான் சொன்ன எண்ணையே எழுதி நீட்டினார்.

அவரிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருந்தது. வேலை பெர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் சொல்வோம் என்று வைத்திருந்தேன். அவர் சாதி வேறு, கைம்பெண் வேறு. ஊர் சும்மா இருக்காது. ஆனாலும் சொல்லியிருப்பேன். அந்தத் துணிச்சல் எனக்கு உண்டு.

5. ஒரே மேஜை

கார்த்திகையில் தாசில்தார் அந்த ஊரில் கேம்ப் போட்டார். பள்ளிக்கூடத்திலேயே மேஜை போட்டு எல்லா இலாகாப் புத்தகங்களையும் வரவழைத்தார். பள்ளி ரிஜிஸ்தரையும் என் ரிட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மீசை ஆடியது.

"ஏம்மா, ஊர்ல இருக்கிறதைவிட பள்ளிக்கூடத்துல பிள்ளைக கூட இருக்கே. இது என்ன அதிசயம்?"

டீச்சர் பேசுமுன் தாசில்தாரே குனிந்து பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கு?" என் பக்கம் திரும்பினார். "ரிட்டர்ன் யாருய்யா எழுதினது?"

வாக்ஸினேட்டர் ரிட்டர்னைத் தன் கையால் எழுத வேண்டும் என்பது விதி. எழுதத் தெரியாதவன் பெர்மனென்ட் ஆக முடியாது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: "பிள்ளைக இருக்கு சார். நான்தான் விட்டுட்டேன்."

"என் கைதான் சார்," என்றேன். "டீச்சரம்மாகிட்ட எழுத்துப் பழகினேன். அதனால அப்படித் தெரியுது."

"எண்ணிக்கை?"

"வீடு வீடாப் போயி எடுத்தது சார்."

தாசில்தார் டீச்சரைக் கேட்டார்: "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

டீச்சர் நினைத்திருந்தால் ஒரு தாளை எடுத்து, "இவரை இப்ப எழுதச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கலாம். அங்கேயே என் வேலை போயிருக்கும். அவர் சொன்னது இதுதான்: "பிள்ளைக இருக்காங்க சார். கிடையில இருக்காங்க. நான் வேற ஒண்ணும் சொல்லலை."

ராங்க்கில் மேலே இருக்கிறவன் புத்தகத்தைத்தான் மேலதிகாரி நம்புவார். பள்ளிக்கூடத்தில் பொய் ஆஜர் என்று ரிப்போர்ட் போயிற்று. தை பிறக்குமுன் பள்ளியை மூடி அவரை மாற்றிவிட்டார்கள். பெட்டியை நான் தூக்க வந்தேன். "வேண்டாம், கனமில்லை" என்று அவரே தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தார். பெர்மனென்ட் ஆர்டர் எனக்கு அந்த வாரமே வந்தது.

6. மாசி

மாசியில் கருப்பணன் என்னைத் தேடி வந்தான். அன்று அவன் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, கிடையில ஆத்தா எறங்கிட்டா. நீங்க எங்க பிள்ளைகளுக்குக் குத்தவே இல்லையே?"

ஓடினேன். தாளிப்பு வாடையை வைத்து வீடு கண்டுபிடித்தவன் நான். கிடையில் என்ன தாளிப்பு? கம்பங்கூழும் வெங்காயமும்தான். அங்கே அம்மை வந்து பதினைந்து நாள் ஆகியும் என் மூக்குக்கு எட்டவில்லை. முத்துப் போடாத பிள்ளைகளுக்குக் குத்தினேன். மூன்று பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். மூக்கம்மாவும் ஒருத்தி.

மாத முடிவில் ரிட்டர்ன் எழுத உட்கார்ந்தேன். என் புத்தகப்படி அந்த ஊரில் ஒரு பிள்ளையும் அம்மையில் சாகவில்லை. உயிரோடு இருந்ததாக எழுதாத பிள்ளையைச் செத்ததாக எப்படி எழுதுவது? சும்மா விட்டிருந்தால் எங்கள் ஃபிர்கா அந்த மாதமும் மேலேதான் இருந்திருக்கும்.

பதினொரு பேரையும் எழுதினேன். கருப்பணனிடம் ஒவ்வொரு பெயராகக் கேட்டு, எழுத்துக் கூட்டி, கோழி கிண்டியது போல. இரண்டு நாள் ஆயிற்று. மூன்று பெயருக்கு நேரே என்ன எழுத வேண்டுமோ அதையும் எழுதினேன்.

தாசில்தார் தாளைத் தூக்கிப் பிடித்தார். "என்னய்யா இது, புழு ஊர்ந்த மாதிரி! இது யாரு எழுதினது?"

"இதுதான் சார் நான் எழுதினது. முந்தினதெல்லாம் டீச்சரம்மா எழுதினது. அவுக ரிஜிஸ்தர்ல இருந்த பிள்ளைகளும் நெசம்தான்."

தாளை மேஜையில் வைத்தார். பிறகு, "ஒரே மாசத்துல ஃபிர்காவைக் கடைசிக்குத் தள்ளிட்டியே?" என்றார்.

"நாம இருக்கிற இடம் அதுதான் சார்."

பெர்மனென்ட் போயிற்று. மறுபடி பை தூக்கும் பியூனாக மல்லாங்கிணறு பக்கம் அனுப்பினார்கள். மறுபடி படியேற எனக்கு ஆறு வருஷம் ஆனது. ஏறினேன். அதற்குள் என் கையெழுத்தும் திருந்தியிருந்தது.

7. இளையவர்களுக்கு

ராங்க் பட்டியலைப் பார்த்து வெட்கப்படுகிற தம்பிகளுக்கு, மூன்றாம் வகுப்புக்காரன் சொல்கிறேன். கடைசி என்று வந்தால் அழ வேண்டாம். முதலில் என்று வந்தால் மேளம் அடிக்கவும் வேண்டாம். அந்தப் புத்தகத்தை எழுதியவன் கிடைக்குப் போனானா என்று கேளுங்கள். போகாதவன் எழுதியது எந்த எண்ணாக இருந்தாலும் அதற்கு ஒரு பிள்ளை எங்காவது விலை கொடுத்திருக்கும்.

தாசில்தார் ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதினார். பள்ளிக்கூடம் திரும்ப வந்தது, சுதந்திரத்துக்கு அப்புறம். வேறொரு வாத்தியார் வந்தார். டீச்சரம்மா முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு முறை போனேன். அங்கிருந்தும் மாறிப் போய்விட்டார், எங்கே என்று தெரியவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு அம்மை குத்த எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, உள்ளே பெயர் கூப்பிடுகிற குரல் யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறந்தேன். வேலையை விட்ட நாள் வரைக்கும் அப்படித்தான்.