சம்பந்தி காரின் கண்ணாடியில் ஒரு தழும்பு

மின்னஞ்சல் குழு நண்பர்களே, இன்று ஒரு கார் கண்ணாடியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்!

கார் என்னுடையது அல்ல. கோபியில் இருக்கும் என் சம்பந்தியுடையது. மகளின் மாமனார்.

"வால்பாறைக்குப் பஸ்ல எதுக்குங்க சம்பந்தி? நம்ம வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்று சாவியைக் கையில் திணித்தார்.

மறுக்க எனக்குத் தைரியம் போதவில்லை. (எதற்குமே போதாது.)

வால்பாறையிலிருந்து இறங்கும்போது முன்னால் போன லாரியின் டயர் ஒரு கல்லைத் தெறிக்கவிட்டது.

முன் கண்ணாடியில், ஓட்டுபவர் பார்வைக்கு நேராக, மிளகளவு குழி. சுற்றிலும் நட்சத்திரம் போலக் கீறல்.

கோயம்புத்தூரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் குழிக்குள் பசை ஏற்றி, விளக்கொளியில் இறுகவிட்டு, மெருகிட்டுத் தந்தார்கள்.

"இனிக் கீறல் ஓடாதுங்க. பாருங்க, இருந்த எடமே தெரியல!"

பார்த்தேன். வெளியே நின்று, உள்ளே உட்கார்ந்து, வெயிலுக்கு எதிரே, நிழலில், ஈரத்துணியால் துடைத்து, பின்னால் கறுப்புத் துணி பிடித்து.

ஒரு சமயம் மீன் செதில் போல மின்னியது. ஒரு சமயம் ஒன்றுமே இல்லை. கோளாறு கண்ணாடியிலா, என் கண்ணிலா?

பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துக் காட்டினேன்.

"அட, சுத்தமா இருக்குதுங்களே!"

(அவர் பார்த்தது இடது பக்கம். பழுது வலது பக்கம்.)

மனைவிதான், "வெரல வெச்சுக் காட்டுனா தெரியாம என்னங்க பண்ணும்? காட்டாம உட்டுப்போட்டு வாங்க" என்றாள்.

மனம் ஒப்பவில்லை. கோபிக்குப் போய், நடந்ததைச் சொல்லி, இடத்தையும் காட்டினேன். "புதுக் கண்ணாடியே மாத்திக் குடுத்தர்றனுங்க" என்றேன்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உடுங்க சம்பந்தி! இதெல்லாம் ஒரு பேச்சுங்களா? எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. காப்பி குடிங்க."

நிம்மதியாக பஸ் ஏறினேன். வேலை நன்றாகத்தான் அமைந்திருக்கிறது என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

இன்று காலை மகள் பேசினாள். அவர்கள் வீட்டில் போன் இருக்கிறது. இவள் பேசியது எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

"அப்பா, மாமா ஊட்டுக்கு வர்றவங்களையெல்லாம் கார்கிட்டக் கூட்டிட்டுப் போறாங்க. டார்ச் அடிச்சுக் காட்டறாங்க."

"எதைக் கண்ணு?"

"'எங்க சம்பந்தி ஒட்டுப்போட்டுக் குடுத்த லட்சணம்'னு. நான் அங்கயேதான் காப்பித் தட்டோட நிக்கறனுங்க."

"தெரியலைன்னு சொன்னாரே அம்மணி!"

"உங்ககிட்ட எப்படிங்கப்பா சொல்லுவாங்க? மரியாதை இருக்குதில்லீங்க?"

"நாளைக்கே வந்து மாத்திக் குடுத்தர்றேன்."

"வேண்டாங்கப்பா. நான் சொல்லித்தான் வந்தீங்கன்னு தெரிஞ்சா, அதுக்கு வேற பேச்சு வரும்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்து, போனை வைத்துவிட்டாள்.

நண்பர்களே, போனால் மகள் மாட்டுவாள். போகாவிட்டால் தினமும் அந்தத் தட்டோடு நிற்பாள். நான் என்ன செய்யட்டும்?

உள்ளதை எழுதுங்கள். தயவுசெய்து, மரியாதைக்காக யாரும் எதுவும் எழுத வேண்டாம்.